புது மின்னடுப்புக்குக் குசினி வயரிங்கை ஆயத்தப்படுத்துவது எப்படி?

இரண்டு அடுப்புள்ள இன்டக்ஷன் குக்கர் ஒன்றை வாங்கிவந்து, மிக்சி பூட்டுகிற பிளக்கிலேயே பூட்டினோம். மூன்றாம் நாள் அம்மா பிளக்கைத் தொட்டுப் பார்த்து, "சுடுது தம்பி" என்றா. கழற்றிப் பார்த்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. லைவ் வயரின் உறை, வயரை இறுக்கும் ஆணிக்குக் கிட்ட உருகி ஒட்டிப்போயிருந்தது. குக்கர் 3500 வாற்; 230 வோல்ற்றால் பிரித்தால் 15 அம்பியருக்கு மேல் வருகிறது. அந்தப் பிளக் தாங்குவது 13 அம்பியர்.

2022இல் இலங்கையில் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற களைப்பில் பலர் மின்னடுப்புக்கு மாறினோம். வயரிங்கை மட்டும் பழையபடியே விட்டுவிட்டோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மெயின் போர்ட்டுக்குள் கைவைக்கும் வேலையை என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் உள்ள எலக்ட்ரீசியனிடம் கொடுங்கள். அளப்பது, கணக்குப் பார்ப்பது, சரியான சாமான் வாங்குவது, செய்த வேலையைப் பார்த்து எடுப்பது எல்லாம் நீங்களே செய்யலாம்.

படி 1: வாற் கணக்கு

அடுப்பின் பின்புறமோ அடியிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் வாற் எழுதியிருக்கும். நான்கு தட்டும் அவணும் சேர்ந்த பெரிய அடுப்பென்றால் 7000 வாற் அளவில் வரும், அதாவது 30 அம்பியர். எங்கள் வீடுகளுக்கு மின்சார சபை வழக்கமாகத் தரும் ஒற்றைக்கட்ட இணைப்பும் 30 அம்பியர்தான். நான்கு தட்டும் ஒரேநேரம் முழுச்சூட்டில் இருப்பது குறைவு. ஆனாலும் சமைக்கிற நேரம் கிணற்று மோட்டரையும் அயன் பெட்டியையும் போட்டால் மெயின் விழும். பெரிய அடுப்புத்தான் வேண்டுமென்றால், வாங்கமுன்னம் மும்முனை (திரீ ஃபேஸ்) இணைப்பைப் பற்றி மின்சார சபையில் கேளுங்கள். சிறிய குடும்பத்துக்கு இரண்டு தட்டு அடுப்பே போதும் என்பது என் எண்ணம்.

படி 2: மெயின் போர்ட்டிலிருந்து அடுப்புக்குத் தனி வயர்

பழைய வீடுகளில் மெயின் போர்ட் முன்விறாந்தையில் இருக்கும், குசினி பின்னுக்கு இருக்கும். சுவரேறி, கூரைக்குள்ளால் போய், இறங்கி வரும் வழியை நூல் பிடித்து அளவுங்கள். 20 மீற்றர் சும்மா போய்விடும். 7000 வாற் அடுப்புக்கு 6 சதுர மில்லிமீற்றர் வயரும் (கடையில் 7/1.04 என்று கேளுங்கள்) 32 அம்பியர் பிரேக்கரும் (கரண்ட் மிஞ்சினால் தானாக விழுந்து துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும். 3500 வாற்றுக்கு 4 சதுர மில்லிமீற்றரும் 20 அம்பியர் பிரேக்கரும் காணும். 30 அம்பியர் 20 மீற்றர் ஓடும்போது 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் கிட்டத்தட்ட 11 வோல்ற் போய்விடும், 6 வயரில் நாலரைக்கும் குறைவு. அந்த இழப்பு முழுக்க வயருக்குள் சூடாகத்தான் மாறுகிறது. சித்திரை வெயிலில் ஓட்டுக்குக் கீழே என்ன வெக்கை என்று உங்களுக்கே தெரியும்.

பிரேக்கர் அடிக்கடி விழுகிறதென்று பெரிய பிரேக்கர் போட வேண்டாம். வயர் தாங்கும் அளவுக்கு மேலே பிரேக்கர் போனால், பிரேக்கர் விழமுன்னம் வயர் எரியும்.

நிறத்தையும் கவனியுங்கள். பழைய வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புதிதில் மண்ணிறம், நீலம், பச்சை-மஞ்சள்.

படி 3: எர்த்

ஆட்கள் வயருக்குக் காசு செலவழித்துவிட்டு, எர்த்தை மறந்துவிடுகிறார்கள். எங்கள் வீடுகளுக்கு எர்த் மின்சார சபையின் கம்பியோடு வருவதில்லை. வளவில் நாம் நிலத்துக்குள் அடித்து இறக்கும் உலோகக் கூர்தான் எர்த். யாழ்ப்பாணத்து நிலத்தில் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணக்கல். கூர் அரைவாசியில் நின்றுவிடும், அடித்தவர் மிச்சத்தை வெட்டிவிட்டுப் போய்விடுவார். பார்வைக்கு எர்த் இருக்கும், வேலை செய்யாது.

நல்ல எர்த் என்றே வைத்துக்கொள்வோம், அதன் தடை 10 ஓம். அடுப்பின் உடம்பில் லைவ் பட்டால் ஓடுவது 230ஐ 10ஆல் பிரிக்க, கூடினால் 23 அம்பியர். 32 அம்பியர் பிரேக்கர் அதற்கு அசையாது. அடுப்பு முழுக்கக் கரண்டாக நிற்கும், அம்மா கழுவிய ஈரத்தரையில் வெறுங்காலோடு வந்து பானையைத் தூக்குவா. அந்த இடத்தில் உயிரைக் காப்பது, கரண்ட் கசிந்தாலே துண்டித்துவிடும் ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான். அதன் முகப்பில் 30 மில்லியம்பியர் அல்லது 0.03 என்று இருக்கிறதா பாருங்கள். மாதம் ஒருமுறை அதன் ரெஸ்ற் பொத்தானை அழுத்துங்கள், உடனே விழவேண்டும். விழாவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள்.

எர்த் கூரினை வாழைப்பாத்திப் பக்கம், தண்ணீர் ஊறும் மண்ணில் இறக்குங்கள். கல் தடுத்தால் தள்ளித்தள்ளி இரண்டு மூன்று கூர் அடித்து இணைக்கச் சொல்லுங்கள். மீற்றர் வைத்து அளக்கச் சொல்லி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மாரியில் அளந்தால் நல்லதாகவே காட்டும். ஆடி ஆவணியில் மண் காய்ந்திருக்கும்போது அளப்பதுதான் உண்மை. எர்த் வயரை நியூட்ரலோடு முறுக்கிவிடும் "சுலப வழி"க்கு ஒருநாளும் சம்மதிக்காதீர்கள்.

படி 4: சுவிட்ச்

லைவ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் 45 அம்பியர் குக்கர் சுவிட்ச் வாங்குங்கள். அடுப்புக்கு நேர்மேலே வேண்டாம், பக்கத்தில் வையுங்கள். எண்ணெய்ச்சட்டி பற்றினால் நெருப்புக்கு மேலால் கை நீட்டாமல் எட்டவேண்டும். கடற்கரைப் பக்க வீடென்றால் ஆணிகள் பச்சை பூக்கும், வருடம் ஒருமுறை பார்ப்பியுங்கள்.

படி 5: ஓட்டிப் பார்ப்பது

எல்லாத் தட்டிலும் தண்ணீர்ப் பானை வைத்து அரைமணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு குக்கர் சுவிட்ச்சின் முகப்பைப் புறங்கையால் தொடுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை எடுக்கும்படி சுட்டாலோ பிளாஸ்டிக் மணந்தாலோ மெயினை நிறுத்திவிட்டு, எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு ஆணிகளைத் திரும்ப இறுக்கச் சொல்லுங்கள். புது வயரிங்கில் பெரும்பாலும் பிழை அந்த இறுகாத ஆணியில்தான் இருக்கும்.