குரூப்பில் வந்ததை அடுத்தவருக்குத் தள்ளிவிடும் முன்

வாட்ஸ்அப் குரூப்பில் வந்த ஆபாச வீடியோவை அடுத்தவருக்கு அனுப்பிவிட்டு, "நானா எடுத்தேன், வந்ததைத்தானே அனுப்பினேன்" என்பது போலீஸ் ஸ்டேஷனில் எடுபடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆவது பிரிவில் ஆபாசத்தை வெளியிடுவதும் பிறருக்கு அனுப்புவதும் ஒரே குற்றம்தான், முதல் தடவைக்கே 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அப்பட்டமான பாலியல் வீடியோ என்றால் 67ஏ, அது 5 ஆண்டு, 10 லட்சம் வரை போகும்.

குழந்தைகள் சம்பந்தப்பட்டது என்றால் அனுப்பியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, தேடுவதும் டவுன்லோட் செய்வதுமே 67பி-யில் குற்றம். தனியாகப் பார்த்தால் குற்றமில்லை என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை இன்னமும் சிலர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அந்தத் தீர்ப்பை அதே வருடம் செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அப்படி ஏதாவது வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், "இதைப் பாரேன், அநியாயம்" என்று நண்பருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரின் எண், குரூப் பெயர், தேதி, நேரம் நான்கையும் பேப்பரில் குறித்துக்கொண்டு cybercrime.gov.in தளத்தில் அன்றைக்கே புகார் கொடுங்கள் (பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம்), அழித்துவிட்டு குரூப்பிலிருந்து வெளியேறுங்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவுக்குள் போய் ஆட்டோ டவுன்லோடை மொத்தமாக நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் திறக்காத வீடியோகூட உங்கள் கேலரியில் வந்து உட்கார்ந்திருக்கும்.

நல்ல மனதுடையவர்களே மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. 2024 டிசம்பரில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான அண்ணா பல்கலைக்கழக மாணவியின் எஃப்ஐஆர் வெளியே கசிந்தது, அவருக்கு 25 லட்சம் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். இதுபோன்ற காகிதத்தை நியாயம் கேட்கிற கோபத்தில் பகிர்கிறோம், அதில் அந்தப் பெண்ணின் பெயரும் முகவரியும் இருப்பதை யோசிப்பதில்லை. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதை வெளியிட்டாலும், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை. கோபத்தைத் தாராளமாக எழுதுங்கள், அந்தக் காகிதத்தை மட்டும் தொடாதீர்கள்.

வதந்திக்கும் அதே சன்ஹிதாவில் 353-ஆவது பிரிவு இருக்கிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது, பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஊரே சேர்ந்து அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் செத்துப்போனார். அதற்கு முன்பு வாரக்கணக்கில் அந்த ஃபார்வர்டுகள்தான் சுற்றிக்கொண்டிருந்தன. எந்த ஊர், எந்தத் தேதி, யார் சொன்னது என்று மூன்றும் இல்லாத செய்தி உங்களோடு நிற்கட்டும்.

அட்மினாக இருப்பதே குற்றமில்லை என்று பம்பாய், கேரள உயர் நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. ஆனாலும் தப்பான பதிவைப் பார்த்தால் அட்மினால் எல்லோருக்கும் சேர்த்து அழிக்க முடியும், உடனே அழித்துவிடுங்கள்.

சரி, ஏற்கெனவே அனுப்பியாயிற்று என்றால்? எல்லோருக்கும் டெலிட் கொடுங்கள், பரவுவதாவது குறையும், குற்றம் போய்விடாது. போலீஸ் நோட்டீஸ் வந்த பிறகு போனை ஃபார்மேட் செய்வது மட்டும் கூடவே கூடாது, சாட்சியத்தை அழித்ததாகத் தனி வழக்கே வரும். முதலில் வக்கீலைப் பாருங்கள், குறித்த தேதியில் ஆஜராகுங்கள், போனை வாங்கிக்கொண்டால் அதற்கான கைப்பற்றுதல் மகஜரின் (எதை எடுத்தார்கள் என்று போலீஸ் எழுதும் பதிவு) நகலைக் கேட்டு வாங்குங்கள்.