பாறைக் கடற்கரையை வரைபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு வாட்டர் கலர் பழகும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு மணப்பாட்டுக்குப் போனேன். (1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமாகிவிட்டது, ஆனாலும் எங்களுக்கு அது திருநெல்வேலிச் சீமைதான்.) திருச்சிலுவைக் கோயில் மேட்டுக்குக் கீழே, அலையடிக்கும் பாறைகளைப் பார்க்க உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள், நான் அந்தக் காலத்தில் அடித்த கூத்தையெல்லாம் ஒன்று விடாமல் அடித்துக் காட்டினார்கள். பென்சிலை அழுத்தாதே, தண்ணீரை மாற்று என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும், விடுங்கள்.

கருப்பு ட்யூப்

வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பாறை இடுக்கின் இருட்டுக்கு பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) அல்ட்ராமரைனும் (அடர்நீலம்) கலந்தால் போதும்.

மாஸ்கிங் ஃப்ளூயிடும் நம்ம ஊர் வெயிலும்

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான். வாட்டர் கலரில் தாளின் வெள்ளைதான் நுரை, அதனால் நுரை வரும் இடத்தில் முதலிலேயே இதைத் தடவி, மேலே கடலைப் பூசி, காய்ந்ததும் விரலால் தேய்த்து உரிக்க வேண்டும். புட்டியில் இருப்பது ரப்பர் பால். சூடு ஏறினால் தாளின் நாரோடு பிடித்துக்கொள்ளும். விற்ற கடைக்காரர் இதைச் சொல்லவே இல்லை.

உவரிக் கடற்கரை, ஒரு கல்யாணப் பரிசுக்காகக் கேட்ட படம், 300 ஜிஎஸ்எம் கனத்தில் பருத்தித் தாள். சீக்கிரம் காயட்டும் என்று பைக் சீட்டில் வெயிலில் சாய்த்துவிட்டு நுங்கு சாப்பிடப் போனேன், உரித்ததோ மறுநாள். ரப்பரோடு தாளின் தோலும் பிய்ந்து வந்தது. அலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பஞ்சு. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மணப்பாட்டில் ஒரு தம்பி, நான் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், பலகையை வேன் பானட் மேல் காயப்போட்டிருக்கிறான். "அண்ணாச்சி, தாளும் சேர்ந்து வருது!" என்ன சொல்ல?

சரி, செய்ய வேண்டியது இதுதான்: காய்ந்த தாளில் மட்டும் தடவுங்கள், நிழலில் காயவிடுங்கள், அன்றைக்கே உரியுங்கள். ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம். பழைய பிரஷ்ஷைச் சோப்பில் தோய்த்துத்தான் புட்டிக்குள் விட வேண்டும், இல்லையென்றால் பிரஷ்ஷும் போச்சு. உரித்த ஓரம் கத்தரியால் வெட்டியது போலிருக்கும், ஈர பிரஷ்ஷால் கொஞ்சம் கரையுங்கள். சிதறும் துளிகளுக்கு இது தேவையே இல்லை: சொரசொரப்பான தாளில் பிரஷ்ஷைப் படுக்கவைத்து இழுத்தால் தானாகவே வெள்ளை விட்டுப்போகும்.

நிழல்

காலையில் கடல் பக்கமிருந்து வெயில் வரும், பத்து மணிக்குள் பாறை நிழல் பாதியாகிவிடும். வந்தவுடன் நிழலைப் பென்சிலில் குறித்துவிட்டு, அப்புறம் அதை மாற்றாதீர்கள்.

காற்று

தாளைப் பலகையோடு பிடித்துவைக்க ரெண்டு கிளிப். ஆனி, ஆடியில் நாலு.