மிளகாய் நாற்று நெடுநெடுவென நீண்டால்: எல்இடி மாற்றிச் சரிசெய்த விதம்

2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண்; கூடக் கூட நீலம் கூடும்) மஞ்சள் பல்பை 60 செ.மீ. உயரத்தில் மாட்டியிருந்த இருட்டறையில் மிளகாய் நாற்றுகள் ஒல்லியாக நீண்டு சாய்ந்தன. தண்டைக் குட்டையாகவும் தடிமனாகவும் வைத்திருப்பது நீல ஒளி. மஞ்சள் பல்பில் அது குறைவு. உயரம் கூடியதால் ஒளியும் போதவில்லை.

4 அடி, 20 வாட் எல்இடி டியூப் இரண்டு வாங்கினேன், இரண்டும் 6500 கெல்வின். இலை நுனியிலிருந்து 15 செ.மீ. மேலே சங்கிலியில் தொங்கவிட்டால், செடி வளர வளர ஏற்றிக்கொள்ளலாம். டைமரில் தினமும் 14 மணி நேரம். புது இலைகள் நெருக்கமாக வந்தன. ஏற்கெனவே நீண்ட தண்டு குறுகாது. மாற்றி நடும்போது விதையிலைக்குச் சற்றுக் கீழ்வரை மண்ணில் புதைத்தேன். இலை நுனி வெளுத்தால் விளக்கை 5 செ.மீ. ஏற்றினால் போதும்.

மொட்டுக் கட்டியதும் ஒரு டியூபை மட்டும் 3000 கெல்வினுக்கு மாற்றினேன். சிவப்பு கூடும், நீலமும் மிஞ்சும். ஆனால் கெல்வின் எண் ஒளியின் நிறத்தைத்தான் சொல்லும், அளவை அல்ல. மங்கலான விளக்கு எந்த நிறமானாலும் பூ உதிரும். ஒரே டியூப்தான் வாங்க முடியும் என்றால் 4000 கெல்வின் எடுங்கள்.

சாமந்திக்கு இந்த 14 மணிக் கணக்கு ஆகாது. மொட்டு வைக்க அதற்கு 13 மணி நேரமாவது தொடர்ந்த இருட்டு வேண்டும். நடு இரவில் அறை விளக்கைப் போட்டாலே தடைபடும்.

வீட்டுக்குள் காற்றும் தேனீயும் இல்லை. மிளகாய் பூத்ததும் காலையில் காம்பை விரலால் மெல்லத் தட்டினால் காய் நன்றாகப் பிடிக்கும்.