டர்போ பொருத்தும் பைக்கிற்கு எரிபொருள் அமைப்பு

மதுரையில் பைக்கிற்கு டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) பொருத்த நினைப்பவர்கள் முதலில் பெட்ரோல் செல்லும் பாதையைச் சரிசெய்ய வேண்டும். பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறும்போது பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் தலை உருகிவிடக்கூடும்.

டர்போ எஞ்சினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 6.3 சிசி பெட்ரோல் தேவை. 40 குதிரைத்திறனை எதிர்பார்க்கும் ஒற்றை சிலிண்டர் பைக்கிற்கு இது நிமிடத்திற்கு 252 சிசி ஆகிறது. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை அதன் முழு அளவில் 80 சதவீதத்திற்கு மேல் உழைக்கவிடக் கூடாது என்பதால், நிமிடத்திற்கு 315 சிசி தரும் இன்ஜெக்டரை வாங்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் இன்னும் சற்றுப் பெரியதே நல்லது.

அடுத்தது பம்ப். 0.7 பார் (அழுத்தத்தின் அலகு) பூஸ்டில் பெட்ரோலுக்கும் இன்டேக் காற்றுக்கும் இடையே 3 பார் அழுத்த வித்தியாசம் குறையாமல் இருக்க, பெட்ரோல் 3.7 பாரில் வர வேண்டும்; இதற்கு இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (எஞ்சினுக்குக் காற்று செல்லும் குழாய்) சிறு ஹோஸ் இணைத்த, பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும், டேங்கிற்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனும் தேவை. அழுத்தம் ஏற ஏற பம்ப் தள்ளும் அளவு குறையும் என்பதால், பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாமல், தீப்பொறிக்கு இடமில்லாத திறந்தவெளியில் ரெகுலேட்டரை 3.7 பாருக்கு வைத்து, ரிட்டர்ன் ஹோஸை அளவுக் குடுவைக்குள் விட்டு ஒரு நிமிடம் ஓடவிட்டு, தேவையான 252 சிசிக்குக் குறையாமல் வருகிறதா என்று அளந்து பார்ப்பதே முறை.

கத்திரி வெயிலில் டேங்கே சுடும் ஊர் இது. ஆகவே இன்ஜெக்‌ஷனுக்குரிய ஹோஸையே வாங்கி, டர்போவை விட்டு விலக்கிக் கட்ட வேண்டும். டியூனிங்கை வைட்பேண்ட் சென்சாருடன் (புகையிலிருந்து காற்று-எரிபொருள் விகிதத்தை அளப்பது) டைனோவில் (எஞ்சின் திறனை அளக்கும் இயந்திரம்) செய்து, முழு த்ராட்டிலில் காற்று-எரிபொருள் விகிதத்தை 11.5 முதல் 12 வரை வைக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துவதால், இந்த பைக்கைப் பந்தயத் தடத்தில் மட்டுமே ஓட்ட வேண்டும்.