310003100031000: பதினைந்து இலக்க எண்ணைக் கையால் காரணிப்படுத்துவது எப்படி?

திருகோணமலையின் தபால் குறியீடு 31000. அதை மூன்று தடவை ஒட்டி எழுதினால் 310003100031000. இதன் முதன்மைக் காரணிகளைக் கண்டுபிடிக்க ஒரு கொப்பியும் சாதாரண கல்குலேட்டரும் போதும்.

முழு எண்ணையும் கல்குலேட்டரில் தட்ட வேண்டாம். கடைகளில் வைத்திருக்கும் கல்குலேட்டர் 12 இலக்கத்தோடு நின்றுவிடும். எக்செல் 15 இலக்கம்வரை தாங்கும். நான்காவது தடவையும் 31000 ஒட்டிப் பாருங்கள், கடைசி ஐந்து இலக்கமும் சத்தமில்லாமல் பூச்சியமாகிவிடும். பிறகு நீங்கள் உடைப்பது வேறொரு எண்ணை.

படி 1: எண்ணின் அமைப்பைப் பாருங்கள்

ஒரே ஐந்து இலக்கம் திரும்பத் திரும்ப வருவதால் எண் தானாகவே இரண்டாகப் பிரிகிறது:

310003100031000 = 31000 × 10000100001

முன்பகுதி சின்ன வேலை: 31000 = 2³ × 5³ × 31. இனிப் பின்பகுதிதான் பாக்கி.

படி 2: சிறிய காரணிகள்

10000100001 இன் இலக்கச் சுட்டி (இலக்கங்களைக் கூட்டி வருவது) 3. ஆகவே 3 ஆல் வகுபடும், 9 ஆல் வகுபடாது. வகுத்தால் 3333366667.

இதை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரியுங்கள்: 3 | 333 | 366 | 667. மாறி மாறிக் கழித்துக் கூட்டினால் 667 − 366 + 333 − 3 = 631. இது 7, 11, 13 எதனாலும் வகுபடாது; ஆகவே அந்த மூன்றும் காரணிகள் அல்ல (1001 = 7 × 11 × 13 என்பதால் ஒரே கணக்கில் மூன்றையும் பார்த்தாயிற்று). அதே துண்டுகளைக் கூட்டினால் 1369. 999 = 27 × 37, 1369 = 37 × 37. ஆகவே 37 ஒரு காரணி. கூட்டுத்தொகை 37² என்பதற்காக எண்ணும் 37² ஆல் வகுபடும் என்று எழுதிவிடாதீர்கள். வகுத்து வரும் 90090991 ஐ அதே மாதிரிக் கூட்டினால் 90 + 90 + 991 = 1171; அது 37 ஆல் வகுபடாது.

படி 3: எந்த எண்களைச் சோதிப்பது?

கொஞ்சம் நிதானமாக வாசிக்க வேண்டிய இடம் இதுதான். 99999 × 10000100001 = 10¹⁵ − 1. ஆகவே மிஞ்சியிருக்கும் முதன்மைக் காரணி p எதுவானாலும், 10¹⁵ ஐ அதனால் வகுத்தால் மீதி 1. மீதி 1 தரும் மிகச் சிறிய அடுக்கு 15 ஐ வகுக்க வேண்டும்: 1, 3, 5 அல்லது 15. அடுக்கு 1 அல்லது 3 என்றால் p என்பது 3 அல்லது 37. இரண்டும் முடிந்த கதை. அடுக்கு 5 என்றால் 10000100001, அதாவது 10¹⁰ + 10⁵ + 1 இன் மீதி 1 + 1 + 1 = 3 ஆகிவிடும், அதாவது வகுபடாது. எஞ்சுவது 15 மட்டுமே. ஃபெர்மாவின் சிறு தேற்றத்தின்படி 10 இன் (p − 1) ஆம் அடுக்கை p ஆல் வகுத்தாலும் மீதி 1; ஆகவே அந்த 15 என்பது p − 1 ஐ வகுக்கும். p ஒற்றை எண் என்பதால் p − 1 ஆனது 30 இன் மடங்கு.

ஆகவே 31, 61, 151, 181, 211… என்ற வரிசையை மட்டும் பார்த்தால் போதும். முதலாவதே பொருந்துகிறது: 90090991 ÷ 31 = 2906161.

படி 4: 2906161 முதன்மை எண்ணா?

வர்க்கமூலம் ஏறத்தாழ 1704.7. அதுவரை 266 முதன்மை எண்கள் உள்ளன. 30 விதியால் அவற்றில் 29 மட்டுமே மிஞ்சுகின்றன. 31 ஐயும் மறுபடி சோதியுங்கள், பலர் விடுவது இதைத்தான்: மீதி 4. 61 ஆல் வகுத்தால் 47641.98… என்று வரும். முழுவெண் பகுதியை 61 ஆல் பெருக்கிக் கழித்தால் மீதி 60. 151 க்கு மீதி 15. இப்படியே 1621 வரை போனாலும் எதனாலும் வகுபடாது. ஆகவே அது முதன்மை எண்.

310003100031000 = 2³ × 3 × 5³ × 31² × 37 × 2906161

31 இரண்டு பகுதியிலிருந்தும் வந்ததால் வர்க்கமாகிவிட்டது. அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் 4 × 2 × 4 × 3 × 2 × 2 = 384; இந்த எண்ணுக்கு மொத்தம் 384 காரணிகள்.

கிண்ணியாவின் 31100, மூதூரின் 31200 ஆகியவற்றையும் இப்படி ஒட்டிப் பாருங்கள். பின்பகுதி மாறாது, முன்பகுதியை மட்டும் புதிதாக உடைத்தால் போதும்.