டைட் எண்டுக்கு பாஸ் போட்டால் மட்டும் மஞ்சள் கொடி

டெக்சாஸில் பள்ளிப் பையன்களுக்கு அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சி தருகிறேன். வலப்பக்கம் பாஸ் பிடிக்கும் மூன்று ரிசீவர்கள் நிற்கும் டிரிப்ஸ் அமைப்பில், டைட் எண்டுக்கு (லைன்மேன்களை ஒட்டி நின்று தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவன்) பாஸ் போட்டாலே மஞ்சள் கொடி, அதாவது நடுவர் தவறு என்கிறார். 5 யார்டு போச்சு.

பாஸ் வாங்கத் தகுதியில்லாத முன்வரிசைத் தடுப்பாளர்களான லைன்மேன்கள் முன்னால் ஓடிவிடுகிறார்கள் என்று நினைத்து இரண்டு நாள் அவர்களை வறுத்தெடுத்தேன். வீடியோவில் பார்த்தால் அவர்கள் நகரவே இல்லை, பாவம். அப்புறம் பந்து நகருமுன் யாரோ அசைகிறார்களோ என்று பார்த்தேன். அதுவும் இல்லை.

விசித்திரம் என்னவென்றால், அதே அமைப்பில் ரன் ஆடினால், அதாவது பாஸ் போடாமல் பந்தை ஏந்தி ஓடினால், கொடியே விழாது. அதுதான் துப்பு. வெளிக்கோடியில் நிற்கும் ரிசீவர் சீக்கிரம் ஓடும் ஆசையில், பந்து வைக்கப்படும் இடத்தின் குறுக்காக லைன்மேன்கள் நிற்கும் கோட்டுக்கே வந்து நின்றிருக்கிறான். கோட்டில் எட்டுப் பேர் நிற்பது தப்பில்லை. ஆனால் கோட்டின் கடைசி ஆளாக அவன் ஆகிவிட்டதால், உள்ளே இருக்கும் டைட் எண்டு பாஸ் வாங்கும் தகுதியை இழக்கிறான். ரன்னில் அந்தத் தகுதி தேவையே இல்லை.

அவனை ஒரு யார்டு பின்னால் நிறுத்தினேன். நின்றதும் பக்கவாட்டு நடுவரைப் பார்க்கச் சொன்னேன். அவர் கையைப் பின்பக்கம் நீட்டினால் கோட்டில் இல்லை என்று அர்த்தம். இடப்பக்கம் தனியாக நிற்பவன் மட்டும் கோட்டிலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்வரிசையில் ஐந்து பேராகி வேறு கொடி விழும். அடுத்த ஆட்டத்தில் டைட் எண்டுக்கு நான்கு பாஸ், ஒரு கொடிகூட இல்லை.