பூநகரியின் வளர்ச்சியைத் திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட இலங்கையில் 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து, முன்னர் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறிக் கடந்த யாழ்ப்பாணக் கடல்நீரேரியை வாகனங்கள் சில நிமிடங்களில் கடந்து, ஏ-32 வீதியால் பூநகரியை ஊடறுத்து மன்னார்ப் பக்கம் போகின்றன. வீதி வந்த இடத்தில் கடைகளும் குடிமனைகளும் பெருகுவது இயல்பு. போரால் இடம்பெயர்ந்து மீண்ட மக்களுக்கு அவை தேவையும்கூட. ஆனால் வரைபடத்தில் செய்யும் பிழைகள் சிலவற்றைப் பின்னர் எந்தச் செலவாலும் திருத்த முடியாது.

கோட்டையைச் சுற்றி வேலி அடைத்துவிட்டால் மரபுரிமை காக்கப்பட்டுவிட்டது என்று நினைப்பது அவற்றுள் பொதுவானது. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் விரிவாக்கிய பூநகரிக் கோட்டை அளவில் சிறியது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குச் செல்லும் வழியைக் காவல் செய்யவே அது அங்கே எழுந்தது என்பதால், சுற்றியுள்ள வெளியும் பனங்கூடலும் மறைந்துவிட்டால், அது ஏன் அங்கே நிற்கிறது என்பதே பார்ப்பவருக்கு விளங்காது. எனவே அதன் அயலில் கட்டடங்களின் உயரத்துக்கும் மதில்களுக்கும் எல்லை வகுக்க வேண்டும். தொல்பொருட் சின்னங்களை அண்டிய நிலத்தில் கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்த 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டமே இடமளிக்கிறது. எனினும், எல்லைக்கல் நட்டால் காணி போய்விடும் என்ற அச்சம் வன்னி மக்களிடம் காரணமில்லாமல் வந்ததன்று. காணிக்காரரை வைத்துக்கொண்டு, தமிழில் அச்சிட்ட வரைபடத்தை விரித்து எல்லையை முடிவு செய்யாவிட்டால், அந்த எல்லையை ஊர் மதிக்கப் போவதில்லை.

வாடியடிச் சந்தியிலிருந்து வீதியின் இரு மருங்கும் நீளத்துக்குக் கடைக்கட்டடங்களை அனுமதிப்பது அடுத்த தவறு. பின்னாலுள்ள வயல்களுக்குப் பாதையும் வாய்க்காலும் அடைபடும், வீதி விபத்துகளும் கூடும். சந்தியை மையமாக வைத்து உள்வீதிகளைத் திறப்பதே நல்லது.

எல்லாவற்றிலும் பாரதூரமானது நீரைப் பற்றிய தவறுதான். ஆவணி மாதத்தில் நில அளவைக்கு வருபவருக்குச் சிறு குளத்தின் அலைகரை (மாரியில் குளத்து நீர் பரந்து நிற்கும் நிலம்) வெடித்துக் காய்ந்து, மாடு மேயும் வெறும் வெட்டையாகவே தெரியும். பஸ் நிலையத்துக்கோ விளையாட்டு மைதானத்துக்கோ உகந்த அரச காணி என்று அதைக் குறித்துக்கொள்வார். மார்கழியில் வந்திருந்தால் அதே இடத்தில் முழங்காலளவு தண்ணீரில் நின்றிருப்பார். கிரவல் கொட்டி அலைகரையை உயர்த்தினால் குளத்தின் கொள்ளளவு குறைகிறது, மிகைநீர் வழிந்தோடும் வான் முன்னரே பாய்கிறது, மதகு இல்லாத புதிய வீதி அந்த வெள்ளத்தை மறித்து வீடுகளுக்குள் திருப்புகிறது. இங்கே மொட்டைக்கறுப்பன் நெல்லை விளைவிக்கும் மானாவாரி வயல்கள் காலபோக (மாரிப் பருவ) மழையையே நம்பியிருப்பதால், நீரோட்டம் மாறினால் ஒரு பக்கம் பயிர் அழுகும், மறுபக்கம் காயும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதியின்றி வயலை நிரப்புவது குற்றம். ஆயினும் நிரப்பிய மண்ணை அள்ளி எடுப்பித்ததைவிட, அதன்மேல் எழுந்த கட்டடத்துக்குப் பிறகு அனுமதி தேடியதே நாம் கூடுதலாகக் காண்பது.

நிலத்தடி நீருக்கும் இதே கவனம் வேண்டும். கரையோர மணலில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து கிடக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் அது ஒரு மீற்றர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. ஆழக் குழாய்க்கிணறு அடித்து விடுதிகளுக்கு இறைக்கும்போது மேல்மட்டம் சிறிது தாழ்ந்தாலும் கீழிருந்து உவர் அதன் பல மடங்கு உயர்ந்து வரும். குடிநீர் எங்கிருந்து வரும் என்று காட்டாத எந்த விடுதித் திட்டத்தையும் பிரதேச சபை ஏற்கக்கூடாது என்பது என் கருத்து. கௌதாரிமுனைப் பக்கத்து மணற்றிட்டிகளைக் கட்டட மணலாக மட்டும் பார்ப்பதும் இதனோடு சேர்ந்த பிழையே. மழைநீரைத் தேக்கி வைப்பதும் மண்ணித்தலைச் சிவன் கோயிலுக்குச் சூழலாக அமைவதும் அந்த மணல்தான்.

ஆகவே எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் வலய வரைபடத்தை மக்கள் பார்வைக்கு வைக்குமுன் அதை ஒருமுறை மாரியில் ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். கமக்காரர் அமைப்பினர் ஒவ்வொரு குளத்துக்கும் வெள்ளம் ஏறி நின்ற எல்லையைக் காட்டுவார்கள். அந்த எல்லைக்கோட்டை வரைபடத்தில் கீறிய பின்னரே பஸ் நிலையத்துக்கு இடம் தேடத் தொடங்கலாம்.